அரசனின் போர்வை வெந்த கதை

முன்னொரு காலத்தில் மலைநாடு ஒன்றை ஆண்ட அரசனுக்குக் குளிர் ஒன்றுதான் பயம். மற்ற எல்லோருக்கும் அவன்தான் பயம். படுக்கையறையில் குளிர்காய ஒரு விறகடுப்பு வேண்டுமென்று அவனுக்கு ஆசை வந்தது. விகடகவி வெண்காடன் கைகாட்டிய கொத்தன் உலகன் வந்து, உள்ளே நெருப்பைத் தாங்கும் செங்கல் பதித்து அடுப்பைக் கட்டி முடித்தான்.

"மகாராஜா, ஈரம் இன்னும் காயலீங்க. புது அடுப்புல மொதல்ல பால் காய்ச்சுற அளவுக்குத்தான் நெருப்பு வைக்கணும். அப்புறமா கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டலாமுங்க" என்றான் உலகன்.

அரசனுக்கோ அன்றைக்கே சூடு வேண்டும். "விறகை நிறைய அடுக்குங்கள்!" என்று கத்தினான். தளவாய் வீரபாகு ஓடிப்போய், அடுப்பு கொள்ளாத அளவுக்குத் திணித்தான். சற்று நேரத்தில் படார் படார் என்று சத்தம். உள்ளே பதித்த செங்கல் அத்தனையும் விரிசல் விட்டிருந்தது.

"இந்த அடுப்பை உடைத்தவன் இதிலேயே வேகட்டும்!" என்றான் அரசன். உலகனைக் கட்டி இழுத்து வந்தார்கள். அவன் மனைவி அரண்மனை வாசலில் விழுந்து கதறினாள். யார் காதில் விழுந்தது?

வெண்காடன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் புழுங்கிக்கொண்டிருந்த தளவாய்க்கு இது நல்ல சமயம்.

"பிரபு, இவனைக் கொண்டுவந்தவர் நம் விகடகவிதான். தண்டனையையும் அவரே நிறைவேற்றட்டும். தவறினால் அவரும் உள்ளே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

சபையே படுக்கையறையில் கூடி நிற்க, வெண்காடன் தன் கையாலேயே தீ மூட்டினான். பயத்தை மறைக்கச் சிரித்துக்கொண்டே இருந்தான். தீ எழுந்ததும் தளவாயின் கையைப் பற்றினான்.

"வாருங்கள், தளவாய் அவர்களே. அடுப்பை உடைத்தவர் வேக வேண்டும் என்பது அரசாணை. ஈர அடுப்பில் விறகைத் திணித்தது தாங்கள்தானே?"

தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, நானா? அரசர் சொன்னார், செய்தேன்! எல்லாம் அரசர்தான்!" என்று அலறினான்.

சபை முழுவதும் அரசன் பக்கம் திரும்பியது.

வெண்காடன் அரசனின் காலடியில் மண்டியிட்டான். "பிரபு, தளவாயே சாட்சி சொல்லிவிட்டார். தங்கள் ஆணையை மீறவும் எனக்கு அதிகாரமில்லை, தங்கள் திருமேனியைத் தொடவும் அதிகாரமில்லை. தங்களுக்குப் பதிலாக இது வேகட்டும்."

வெண்காடன் எழுந்து, அரசனின் தோளிலிருந்த கம்பளிப் போர்வையை உருவி அடுப்பில் போட்டான். கருகிய மயிரின் நாற்றம் சபையெங்கும் பரவியது. அரசன் அது சாம்பலாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். உடனே சபையும் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் தளவாய்தான், வெட்கங்கெட்டவன்! அரசன் தன் பொற்காப்பைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டான். உலகனின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

உலகன் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அன்றே நாட்டைவிட்டுப் போய்விட்டான்.

பனிக்காலம் வந்தது. வேறு அடுப்பு கட்ட ஆள் தேடி அரசன் ஊர் ஊராகப் பறையறைவித்தான். ஒரு கொத்தனும் வரவில்லை. பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்த அரசனைச் சிரிக்கவைக்க வெண்காடன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் குளிர்தான்.