ஆயில் மாற்றிய அண்ணன் தம்பிகள்

பனையடிக்குறிச்சியில் நாலு அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். மூத்தவர் செம்புலிங்கம், அடுத்தவர் அம்மையப்பன், மூன்றாவது கொம்பையா, கடைசி மந்திரமூர்த்தி. நாலு பேரில் அம்மையப்பன்தான் விவரமானவர் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது மற்ற மூன்று பேர்.

மந்திரமூர்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் அப்பா ஆவுடைநாயகம் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நிச்சயதார்த்தத்துக்குக் கார் வாசலில் வந்து நின்ற சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்ஜின் காய்ஞ்சு போய்க் கத்துது. ஆயில் மாத்தாம இந்த வண்டியை முகூர்த்தத்துக்குக் கொண்டு வராதீங்க. நடு ரோட்டில நின்னா எம் பொண்ணு கதி என்ன?" என்றார்.

அம்மையப்பனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பா போனபிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். ஆயிலால் தம்பி கல்யாணம் நின்றது என்று நாளைக்கு ஊர் பேசக்கூடாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் நாலு பேரும் காரை ஷோரூமுக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே ஜெபசிங் என்ற மெக்கானிக் சாவியை வாங்கிக்கொண்டு, "கண்ணாடி ரூம்ல உக்காருங்க அண்ணாச்சி. காப்பி வரும். முக்கால் மணி நேரத்தில முடிஞ்சிடும்" என்றார்.

அம்மையப்பன் உட்காரவில்லை. "தம்பி, நாங்க காப்பி குடிக்கும்போது நீங்க ஆயிலை மாத்துனீங்களா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்பணும் அண்ணாச்சி."

"எவ்வளவு நேரம் நம்பணும்?"

ஜெபசிங் பொறுமைசாலி. சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "நம்பிக்கை இல்லைன்னா வீட்டிலயே மாத்திக்கிடுங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. முதல்ல வண்டியை நல்லாச் சூடாக்கணும். அப்புறம் இன்ஜினுக்கு அடியில ஒரு போல்ட் இருக்கும், அதை இடது பக்கமாத் திருப்பணும். வடியுற பழைய ஆயிலை மண்ணிலயும் ஊத்தக்கூடாது, தண்ணியிலயும் ஊத்தக்கூடாது. புதுசை ஊத்திட்டு, அளவுக் குச்சியைத் துடைச்சிட்டுப் பாக்கணும். அவ்வளவுதான்."

ஒரே ஆள் இவ்வளவையும் ஞாபகம் வைத்தால் தலை தாங்காது என்று ஆளுக்கொரு வாக்கியமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். புது ஆயில் ஒரு கேன் வாங்கி டிக்கியில் வைத்தார்கள். வீடு வந்து சேரும் வரை நாலு பேரும் அவரவர் வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். "புதுசை ஊத்திட்டு" என்பது மட்டும் யார் பங்கிலும் விழாமல் வழியிலேயே விட்டுப்போனது.

சூடாக்குவது செம்புலிங்கத்தின் பங்கு. காரை வெயிலில் நிறுத்தி, மேலே இரண்டு கம்பளியைப் போர்த்தினார். உச்சி வெயிலில் கம்பளிக்குள் புறங்கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எப்படி அண்ணே இருக்கு?" என்றான் கொம்பையா.

"காய்ச்சல் கூடியிருக்கு. ஆனா வேர்க்கல."

"வேர்த்துட்டா சூடு இறங்கிடும் அண்ணே. இப்பவே அடுத்த வேலையைப் பாப்போம்."

அடுத்த வேலை அம்மையப்பனுடையது. நாலு பேரில் ஒல்லியானவரும் அவர்தான். ஸ்பேனரோடு காருக்கு அடியில் புகுந்து போல்ட்டைக் கவ்விப் பிடித்தார். பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏலே, இடது பக்கம்னா யாருக்கு இடது? எனக்கா, வண்டிக்கா?"

மேலே மூன்று பேரும் யோசித்தார்கள்.

"நீ மல்லாக்கப் படுத்திருக்கே. உன் இடதை நம்ப முடியாது" என்றார் செம்புலிங்கம்.

"வண்டி நேரா நிக்குது. அதோட இடதுதான் இடது" என்றான் கொம்பையா.

"அப்பச் சரி. நான் ஸ்பேனரை ஆடாமப் பிடிச்சிக்கிடுதேன். நீங்க வண்டியை இடது பக்கமாத் திருப்புங்க" என்றார் அம்மையப்பன்.

அக்கம்பக்கத்தில் எட்டு ஆள் திரட்டினார்கள். கல்யாண வீடு என்றால் ஒரு கை கொடுப்பது வழக்கம்தானே. காரின் முன்பக்கத்தைத் தூக்கி, கம்பு சுற்றுவதுபோல் மெல்ல மெல்ல இடது பக்கமாகக் கொண்டுபோனார்கள். அம்மையப்பன் நடுவில் அச்சாணிபோல் படுத்திருந்தார். வானம் ஒரு பக்கம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. மூன்றாவது சுற்றில் போல்ட் கழன்று அவர் நெற்றியில் விழுந்தது. பின்னாலேயே ஆயில் வந்தது.

கறுப்பாக, வெதுவெதுப்பாக நெஞ்சில் கொட்டியது. பக்கத்தில் இருந்த பேசினை இழுத்துப் பிடிப்பதற்குள் கால் பங்கு அவர்மேல் போய்விட்டது. ஆனாலும் அவருக்குச் சந்தோஷம். கண்ணாடி அறைக்குள் காப்பி குடித்துக்கொண்டிருந்தால் இதையெல்லாம் பார்த்திருக்க முடியுமா? வடிந்தது வடிந்ததுதான். சாட்சிக்கு அவர் உடம்பே இருந்தது.

போல்ட்டை மறுபடி மாட்டி, வண்டியை வலது பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றினார்கள். எட்டு பேரும் களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பினார்கள். அம்மையப்பன் சீயக்காய் தேய்த்துக் குளிக்கப் போனார்.

இப்போது பேசினில் பழைய ஆயில். மண்ணிலும் ஊற்றக்கூடாது, தண்ணீரிலும் ஊற்றக்கூடாது என்பது கொம்பையாவின் வாக்கியம். அவன் அதை இரண்டு தரம் சத்தமாகச் சொன்னான்.

"பாறையில ஊத்துவோமா?" என்றான் மந்திரமூர்த்தி.

"பாறை எதில இருக்கு?"

"மண்ணில."

"அப்ப?"

"மரத்தில?"

"மரமும் மண்ணுலதாம்ல நிக்குது."

செம்புலிங்கம் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். அங்கே ஊற்ற வழியில்லை என்று அவருக்கே தெரிந்தது. உலகத்தில் மண்ணும் இல்லாத, தண்ணீரும் இல்லாத இடம் எது என்று மூன்று பேரும் வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தார்கள்.

கடைசியில் கொம்பையாதான் கண்டுபிடித்தான். "அண்ணே, இவ்வளவு நாளா இந்த ஆயில் எங்க இருந்துது?"

"இன்ஜினுக்குள்ள."

"அங்க மண்ணு இருக்கா?"

"இல்ல."

"தண்ணி?"

"இல்ல."

அதைவிடப் பத்திரமான இடம் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் திரும்ப ஊற்றிவிட்டார்கள்.

மந்திரமூர்த்தி தன் பங்குக்கு அளவுக் குச்சியை உருவினான். துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவன் வாக்கியம். வேட்டி நுனியால் பளபளவென்று துடைத்துவிட்டுப் பார்த்தான். "அண்ணே, ஒரு பொட்டுக் கறுப்பு இல்ல. ஆயில் கண்ணாடியாட்டம் ஆயிட்டு" என்றான்.

"நல்லா மாத்தியிருக்கோம்லே" என்றார் செம்புலிங்கம்.

மறுநாள் காலை சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் அண்ணன்மார்களும் காரில் கிளம்பினார்கள். செம்புலிங்கம் ஓட்டினார். இன்ஜின் நேற்றைவிடச் சத்தமாகக் கத்தியது.

அம்மையப்பனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. வடிந்ததை அவர் கண்ணால் பார்த்தார். ஊற்றியதை? அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே கொம்பையா, நீங்க ஊத்தினதை நான் பாக்கலியே."

"நாங்க மூணு பேரும் பாத்தோமே அண்ணே."

"ஊத்தினவனே பாத்தேன்னு சொன்னா, அது சாட்சியா?"

நியாயமான கேள்வி. முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது, ஷோரூமும் வழியில்தான் இருந்தது. வண்டியை உள்ளே விட்டார்கள்.

ஜெபசிங் அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். அளவுக் குச்சியை எடுத்தார், துடைத்தார், திரும்ப உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். "ஆயில் மாத்தவே இல்லையே அண்ணாச்சி. பழசேதான் கிடக்கு. அதுவும் குறையுது."

அம்மையப்பன் மெதுவாகத் திரும்பித் தம்பிகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"வெளியாள் ஏமாத்துவான்னு பயந்து வீட்டில குடுத்தேன். வீட்டிலயே ஏமாத்திட்டீங்க. தம்பி ஜெபசிங், இனிமே இந்தக் காரை இவங்ககிட்ட விடமாட்டேன். நீங்களே மாத்துங்க."

"நீங்களும் கூட இருந்தீங்கதானே அண்ணாச்சி?"

"இருந்தேன். அதான் இனிமே என்கிட்டயும் விடுறதா இல்ல."

ஜெபசிங் காரை மேலே தூக்கி நிறுத்தி, அவர்களைப் பக்கத்திலேயே நிற்க வைத்து வேலையைச் செய்தார். பழசை ஒரு வெள்ளைக் கேனில் வடித்தார். டிக்கியில் இருந்த புது ஆயிலை ஊற்றினார். ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பூனை தூங்குவதுபோல் உறுமியது. அம்மையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெபசிங் கேனை மூடி ஓரமாக வைத்தார். "பழசை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க கிளம்புங்க."

அம்மையப்பன் நின்றுவிட்டார். "நீங்க பாத்துக்கிடுவீங்க. நீங்க பாக்கிறதை யாரு பாக்கிறது? நாங்க அந்தப் பக்கம் போனதும் இதையே இன்னொருத்தன் வண்டியில ஊத்திட்டா, பாவம் யாருக்கு?"

நம்பகமான ஆள் ஒருவரை அங்கே விட்டுப் போவது என்று முடிவானது. செம்புலிங்கம் வண்டி ஓட்ட வேண்டும். கொம்பையா தாலியை வைத்திருந்தான். அம்மையப்பன் சபையில் பேச வேண்டும். அன்றைக்கு ஒரு வேலையும் இல்லாத ஆள் மந்திரமூர்த்தி ஒருவன்தான்.

"கேன்ல இருந்து கண்ணை எடுக்கக் கூடாதுலே" என்றார் அம்மையப்பன்.

"சரி அண்ணே" என்றான் மாலையோடு நின்ற மாப்பிள்ளை.

பெண் வீட்டு வாசலில் கார் போய் நின்றது. ஆவுடைநாயகம் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். முகம் மலர்ந்தது. "இதுல்லா வண்டி" என்று பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பின் சீட்டுக்குள் குனிந்து பார்த்தாள். மறுபக்கம் போய் அங்கேயும் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் ஆவுடைநாயகம்.

"ஷோரூம்ல இருக்கான் மாமா. ஆயிலைப் பாத்துக்கிட்டு இருக்கான்."

"எப்ப வருவாரு?"

அம்மையப்பன் யோசித்தார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பெண்ணைப் பெற்ற அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நல்லவேளை, தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. ஜெபசிங் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மாலையும் கழுத்துமாக மந்திரமூர்த்தி. மடியில் கேன். "போய்த் தாலியைக் கட்டிட்டு வாங்கன்னேன். கேனை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு. அதான் ரெண்டையும் கொண்டாந்தேன்" என்றார் ஜெபசிங்.

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்ததால் யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. மணமேடையில் பெண் சண்முகக்கனி ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம், நடுவில் மாப்பிள்ளை. தாலி கட்டியாகிவிட்டது. அட்சதை மூன்று பேர் மேலும் விழுந்தது. ஜெபசிங்குக்கு முதல் பந்தியில் இலை போட்டு, இரண்டு தரம் பாயசம் ஊற்றினார்கள்.

போட்டோக்காரர்தான் கொஞ்சம் சிரமப்பட்டார். "மாப்பிள்ளை, கேமராவைப் பாருங்க."

"நான் அங்க பாத்தா இதை யாரு பாக்கது?"

"நான் பாக்கேன்லே" என்று அம்மையப்பன் மேடை ஏறினார். அவர் சரியாகப் பார்க்கிறாரா என்று பார்க்க மந்திரமூர்த்தியும் கேனையே பார்த்தான். பின்னால் செம்புலிங்கமும் கொம்பையாவும் வந்து நின்று, தங்கள் பங்குக்கு அவர்களும் பார்த்தார்கள். இவ்வளவு பேர் பார்க்கும்போது தான் மட்டும் பார்க்காமல் இருந்தால் புகுந்த வீட்டில் தப்பாக நினைப்பார்களோ என்று சண்முகக்கனியும் குனிந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் அமுக்கிவிட்டார்.

கேனை ஜெபசிங் சாயங்காலமே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மையப்பன் தடுக்கவில்லை. அந்தப் போட்டோவைப் பெரிதாகச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். தினம் காலையில் எழுந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உற்றுப் பார்க்கிறார். கேன் வெள்ளை என்பதால் உள்ளே ஆயில் நிற்கும் அளவு நன்றாகத் தெரிகிறது. ஜெபசிங் நேர்மையான ஆள்தான் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லி வருகிறார். இன்றுவரை ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லையாம்.