தெற்கே சாயும் மரம்

மரங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கடற்கரையிலிருந்து ஒரு மலையூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள் செல்லக்கனி. கப்பலில் போய்வரும் அவள் தம்பி, பிறந்த வீட்டுச் சீராக ஒரு மரக்கன்றைக் கொண்டுவந்து வாசலில் நட்டுவிட்டுப் போனான். தெற்கே வெகுதூரத்துத் தீவில் முளைத்த கன்று. அங்கே அதன் சொந்தபந்தத்தையெல்லாம் பாய்மரத்துக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான்.

மரம் நெடுநெடுவென்று வளர்ந்தது, ஆனால் காய்க்கவில்லை. மலை மரங்களின் பேச்சு அதற்குப் புரியவில்லை. அந்த ஊரில் கடலைப் பார்த்தவர்கள் அதுவும் செல்லக்கனியும்தான். சாயங்காலமானால் இருவரும் தெற்கே பார்த்துக் கடல் கதை பேசுவார்கள்.

ஒரு கோடையில் மரத்தின் நுனி காயத் தொடங்கியது. பட்டுப்போக முடிவு செய்துவிட்டது.

"காய்ச்சு என்ன செய்ய? விதை முளைச்சா யாரு வாசல் குடுப்பா?" என்றது.

"நீ காய்ச்சுப் போடு. வாசலுக்கு நானாச்சு" என்றாள் செல்லக்கனி.

மரம் அவளுக்காகக் காய்த்தது. அடியில் பொடிக்கன்றுகள் முளைத்தன. பக்கத்து வீட்டு நாச்சம்மா சும்மா பேச்சுக்கு ஒரு கன்று கேட்டாள். சும்மா கொடுத்தால் கொல்லையில் கிடந்து சாகும். அந்த ஊர்க்காரர்களுக்கோ, அடுத்த வாசலில் இருப்பது தன் வாசலில் இல்லையென்றால் சோறு இறங்காது.

"இது எல்லா வாசலுக்கும் ஒத்துவராதுக்கா. வீடு கொஞ்சம் எடுப்பா இருக்கணும்" என்றாள் செல்லக்கனி.

நாச்சம்மாவின் முகம் செத்துவிட்டது. பேச்சு ஊரெல்லாம் பரவியது. மழை விடுவதற்குள் கன்றுகள் ஒவ்வொன்றாகத் திருடு போயின. செல்லக்கனி பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்தாள். ஊரில் வாசலுக்கு வாசல் அந்த மரம், எடுப்பாக. ஆனால் திமிர் பிடித்தவள் என்று அவள் வாசலை அப்புறம் யாரும் மிதிக்கவில்லை.

மரத்துக்கும் முழு ஆறுதல் இல்லை. பிள்ளைகள் மலைப்பேச்சே பேசின. தீவு என்றால் என்னவென்று கேட்டன. செல்லக்கனியும் ஒருநாள் கண்ணை மூடினாள். தனியாகத் தெற்கே பார்த்துப் பார்த்து மரம் அந்தப் பக்கமே சாய்ந்தது. தாயைப் பார்த்துப் பிள்ளைகளும் சாய்ந்தன.

இன்று நாம் கிறிஸ்துமஸ் மரம் என்று ஆசையாக வாசலில் நடுகிறோமே, அன்று முதல்தான் அது தெற்கே சாய்ந்து வளர்கிறது. கயிறு கட்டி நிமிர்த்தினாலும் அவிழ்த்ததும் சாய்ந்துவிடும். அங்கே என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியாது.