கொற்றையூர்ப் பந்தயச் சபையின் முதல் கலாசாலை

கொற்றையூரை ஆண்ட விசயரங்க பூபதிக்கு விளையாட்டு என்றால் உயிர். அவர் பாட்டனார் காலத்திலிருந்தே ஆற்றங்கரைக் கலாசாலைகள் எல்லாம் சேர்ந்து பந்தயச் சபை என்று ஒன்று நடத்தி வந்தன. தை பிறந்தால் மாணவர்கள் ஓடுவார்கள், மல்லுக்கட்டுவார்கள், சடுகுடு ஆடுவார்கள். ஆசான்கள் சண்டை போடுவார்கள். மாணவர்களாவது சூரியன் சாய்ந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சபையின் சரித்திரம் இருக்கிறதே, அது ஒரு கூத்து! வடகரைக் கலாசாலை ஒரு சடுகுடுத் தீர்ப்புக்காகக் கோபித்துக்கொண்டு விலகிப் போனது. வெளியே அதனோடு ஆட நாதியில்லை. பேரை மாற்றிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் திரும்பி வந்தது. தாமரைக்குளமும் இலுப்பைத்தோப்பும் தனித்தனியே தோற்று அலுத்துப்போய் ஒரே கலாசாலையாக இணைந்தன. அப்புறம் சேர்ந்து தோற்றன. பிரதானி வேங்கடப்பரின் மைத்துனர் சீனிவாசர் நடத்திய ராஜ கலாசாலையோ போன வருஷம் முளைத்தது. எப்போதோ மூடிப்போன ஒரு கலாசாலையின் பெயர்ப்பலகையைக் கொண்டுவந்து வாசலில் மாட்டிவிட்டு, "நாங்கள் ஆதியிலேயே இருந்தவர்கள்" என்றது. பலகை பழசுதான். ஆணி புதுசு.

இப்படியிருக்கையில் ராஜா ஒருநாள் அரசவையில் அறிவித்தார்: "பந்தயச் சபையில் முதன்முதலாகச் சேர்ந்த கலாசாலைக்கு ஆற்றங்கரைத் திடலைச் சாசனம் செய்து தரப்போகிறேன்."

அவ்வளவுதான். சீனிவாசர் எழுந்தார். "நாங்கள்தான் முதல், மகாராஜா!"

"நீயா? போன வருஷம் உன் பையன்களுக்குக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியாதே! நாங்கள்தான் முதல்" என்று வடகரை ஆசான் பாய்ந்தார்.

"எங்களில் பாதியாவது முதல்!" என்றார் இணைந்த கலாசாலையின் ஆசான்.

மேட்டுத்தெருக் கலாசாலை ஆசான் பொன்னுரங்கம் மட்டும் கலங்கி நின்றார். அந்தத் திடலில்தான் அவர் பிள்ளைகள் பயிற்சி செய்தார்கள். அது போனால் கலாசாலையை இழுத்து மூட வேண்டியதுதான். "மகாராஜா, ஆரம்பத்திலிருந்து..." என்று வாயெடுத்தார்.

"வருஷா வருஷம் தோற்கிற தோத்தாங்குளிக்கு என்ன பேச்சு?" என்று பிரதானி அதட்டினார். அவர் கண் அந்தத் திடல்மேல்தான்.

ராஜாவுக்குத் தலை வலித்தது. அரண்மனைப் புலவர் மாசிலாமணியைப் பார்த்தார். "புலவரே, நாளைக்குள் இதைத் தீர்த்து வையும். ஆனால் நீர் யாரையும் பொய்யர் என்று சொல்லக் கூடாது. முதலில் சேராதவர்கள் தாங்களாகவே 'நாங்கள் இல்லை' என்று சொல்ல வேண்டும்."

பிரதானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நாய் வாலைப் புலவர் நிமிர்த்தப் போகிறார்!"

மறுநாள் சபை கூடியது. மாசிலாமணி எல்லா ஆசான்களையும் வணங்கினார். "முதல் வருஷப் பந்தயத்தில் உங்கள் கலாசாலை களத்தில் இருந்ததா?"

"இருந்தது!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

"மல்யுத்தத்தில்?"

"எங்களை மிஞ்ச ஆளே இல்லை!" என்றார் சீனிவாசர்.

"நல்லது" என்ற புலவர் ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, தங்கள் பாட்டனார் இளவரசராக இருந்தபோது அந்தப் பந்தயத்தில் மாறுவேடத்தில் மல்லுக்கு இறங்கினாராமே?"

ராஜாவின் மீசை துடித்தது. "ஆமாம். எவனோ ஒரு மாணவன் அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஊரே சிரித்தது. இளவரசர் என்று தெரிந்ததும் ஆற்றில் குதித்து ஓடிவிட்டான். எந்தக் கலாசாலை என்று கடைசிவரை தெரியவில்லை. 'அந்தக் கலாசாலை ஆசானைச் சபை நடுவே தலைகுனிய வைக்காமல் எங்கள் வம்சம் ஓயாது' என்று தாத்தா சபதம் செய்தார்."

"அந்தச் சபதம் இன்னும் நிற்கிறதா, மகாராஜா?"

"நிற்கிறது!" ராஜா வாள்பிடியைத் தட்டினார்.

சீனிவாசர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மகாராஜா, எங்கள் கலாசாலை போன வருஷம்தான் பிறந்தது. பச்சைக்குழந்தை!"

"அந்தப் பலகை?" என்றார் புலவர்.

"விறகுக்கு வாங்கினோம்!"

"நாங்கள் பேர் மாற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்துதான் கணக்கு. பழைய வடகரை யாரோ, நாங்கள் யாரோ" என்றார் வடகரை ஆசான்.

"எங்களில் பாதிகூட அப்போது இல்லை" என்றார் இணைந்தவர். பிரதானி தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பொன்னுரங்கம் மட்டும் முன்னால் வந்தார். "மகாராஜா, முதல் வருஷம் நாங்கள் இருந்தோம். தள்ளியவர் எங்கள் மாணவர்தான். எதிரே நிற்பது இளவரசர் என்று தெரியாமல் நேர்மையாக ஜெயித்தார். எனக்குத் தண்டனை கொடுங்கள். பிள்ளைகளுக்குத் திடலை விட்டுவிடுங்கள்."

ராஜா திகைத்தார். "புலவரே, உண்மையைச் சொன்னவரை எப்படி அவமானப்படுத்துவது? ஆனால் சபதம்..."

"சபதத்தில் அவமானம் என்ற சொல்லே இல்லையே, மகாராஜா! தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான். தங்கள் கழுத்து முத்துமாலையைக் கழற்றுங்கள். ஆசான் தலைகுனியாமல் அதை எப்படிப் போடுவீர்கள்?"

ராஜா மாலையைக் கழற்றினார். பொன்னுரங்கம் தலைகுனிந்தார். சபதமும் தீர்ந்தது, திடலும் மேட்டுத்தெருவுக்கு ஆனது.

"சரி, மற்றவர்களை என்ன செய்யலாம்?" என்று ராஜா கேட்டார்.

மாசிலாமணி அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டப்பந்தயப் பரிசைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், மகாராஜா. பாட்டனார் காலத்திலிருந்து போன வருஷம்வரை ஒரே மூச்சில் ஓடி வந்திருக்கிறார்கள். இந்த ஓட்டம் எந்த மாணவனுக்கு வரும்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டதாம்.