கறுத்துப்போன ஆயில்

கோவில்பட்டியில் பத்து மினிபஸ் ஓட்டும் வன்னியப்பெருமாள் அண்ணாச்சிக்கு, ஆயிலைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைப்பு. எஞ்சினிலிருந்து ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவுவார், ஆயிலை விரலில் தேய்ப்பார், தோள் துண்டில் துடைப்பார். கறுப்பாக இருந்தால் உடனே மாற்றச் சொல்வார். டிரைவர்களான எங்கள் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஷெட்டிலேயே போயிற்று.

எங்களுக்காக மெக்கானிக் சந்தியாகு அண்ணாச்சியிடம் பேசி, பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும் சிந்தெடிக் ஆயிலை ஊற்றினார். மூவாயிரத்திலேயே அண்ணாச்சி ஸ்டிக்கை உருவிவிட்டார்.

“ஏ சந்தியாகு, இதுவும் கறுத்துட்டு! நாளைக்குள்ள கறுக்காத ஆயில் கொண்டா. இல்லன்னா ஷெட்டுப் பக்கமே வராத.”

மறுநாள் சந்தியாகு வெறுங்கையோடு வந்தார். அண்ணாச்சியின் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அடுத்த வாளியில் சோப்புத் தண்ணீர். அதில் கசக்கியதும் கறுத்தது.

“அண்ணாச்சி, இதுல எந்தத் தண்ணி உருப்படியா வேலை பாத்துச்சு?”

“கறுத்த தண்ணிதான். அழுக்கையெல்லாம் அதுதானப்பா எடுத்துச்சு!”

“அப்ப எஞ்சின் அழுக்கை எடுத்த ஆயிலை மட்டும் ஏன் வையுதீங்க?”

அண்ணாச்சி ஸ்டிக்கைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். துண்டைப் பிழிந்து, பொன்னாடை மாதிரி சந்தியாகுவின் தோளில் போர்த்தினார்.

“ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. இதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா துவைக்கணும்?”

அந்த ஞாயிறு பத்து டிரைவரும் வீட்டில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றோம். பத்து வீட்டுத் தூக்குவாளியும் சந்தியாகு வீட்டுக்குப் போனது.