கன்னம் வச்சுக் கேட்ட கூடம்

ஒரு ஊர்ல ஒரு ஆட்டக் கூடம் இருந்துச்சாம். ஏய் இன்பா, செவுத்த ஒதைக்காதடி! அத்தை கதை வேணும்னா கால் சும்மா கெடக்கணும். எங்க, ‘ம்’ கொட்டு.

ம்.

அந்தக் கூடம் கோயிலோட எடம். மரகதம்னு ஒருத்தி, சலங்கையும் கையுமா அந்த ஊருக்கு வந்தவ, கோயில்ல கேட்டு வாங்கி, தரை பூரா பலாப்பலகை அடிச்சு, ஆட்டம் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சா. அவகிட்ட ஒரு வழக்கம் உண்டு. புதுசா வர்ற பிள்ளைக்கு ஒரு மாசம் ஆட்டமே கெடையாது. தரையில குப்புறப் படுத்து, கன்னத்தப் பலகையில வச்சுக் கெடக்கணும். மத்தவங்க தக்குதிக்குனு ஆடுவாங்க. தட்டினது யாரு காலுன்னு படுத்திருக்கிறது சொல்லணும். சொல்லிட்டாதான் எந்திரிக்கலாம். என்ன சிரிப்பு? உன்னைய விட்டா அப்படியே கொறட்டை விட்டுருவ, தெரியும்.

அப்புறம் மரகதம் போய்ச் சேந்தா. அவ மக தையல்நாயகி வாத்தியாரம்மா ஆனா, அந்தக் கன்னம் வைக்கிற வழக்கத்தையும் விடல. நாப்பது பிள்ளைங்க. ஒரு வருஷம் கடுமையா காய்ச்சல் வந்துச்சு தையல்நாயகிக்கு. காய்ச்சல் போச்சு, போறப்ப ரெண்டு காதையும் எடுத்துட்டுப் போயிருச்சு. இடி இடிச்சாக்கூட கேக்காது. அவ யார்கிட்டயும் மூச்சு விடல. எதிர நின்னு பேசினா ஒதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவா. ஆட்டத்துக்கு? செருப்பக் கழட்டிட்டு உள்ளங்கால் ரெண்டையும் பலகையில பதிச்சு ஒக்காருவா. தரை அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிரும். ஏழு வருஷம் அப்படியே ஓட்டினா பாத்துக்க!

ம்.

அப்போ நவராத்திரி வந்துச்சு. கோயில் மண்டபத்துல ஆட்டம். மண்டபம் கருங்கல்லு. கல்லு எங்க அதிரும்? பாட்டு நின்னுச்சு, மத்தளம் நின்னுச்சு, பிள்ளைங்களும் நின்னுச்சுங்க. தையல்நாயகி மட்டும் தலையக் குனிஞ்சுகிட்டு, டொக் டொக் டொக்குனு தட்டுக்கழியத் தட்டிகிட்டே இருக்கா. ஊரே கொல்லுனு சிரிச்சுச்சு. நிமிந்து பாத்தா பாவம், அத்தனை பல்லும் தெரியுது, ஒரு சத்தமும் இல்ல.

மறுநாள் காலையில தர்மகர்த்தா வந்துட்டாரு, ஜரிகை வேட்டியும் மொறைப்புமா. “காது கேக்காதவங்களுக்கு எதுக்கும்மா ஆட்டக் கூடம்? காலி பண்ணிருங்க. வேற எடத்துல போய்ச் சொல்லிக்குடுங்க”ன்னாரு.

வேற தரைன்னா அவ நெசமாவே செவிடு. அந்தப் பலகை போச்சுன்னா எல்லாம் போச்சு. “சோதிச்சுப் பாருங்கய்யா”ன்னா.

அப்புறம், பெரிய பொண்ணுங்க அஞ்சு பேர வரிசையா நிறுத்தி, தையல்நாயகிய செவுத்தப் பாத்து ஒக்கார வச்சாரு. ஒருத்தி காதுல குசுகுசுன்னு, “எங்கயாச்சும் ஒரு தட்டு தட்டாம விட்டுரு”ன்னாரு. தை தை தித்தை! ஆடி முடிச்சாங்க. தையல்நாயகி திரும்பி, “ரெண்டாவது பொண்ணு, வலது காலு, ஒரு தட்டு விட்டுட்டா”ன்னா. சரியா இருந்துச்சு!

“நெழலப் பாத்திருப்ப”ன்னு கண்ணைக் கட்டிட்டாரு. இந்தத் தடவை பொல்லாத மனுசன் யாரையும் தப்பு விடச் சொல்லல. ஆடி முடிஞ்சதும் அவ கட்டை அவுத்துட்டு, “யாரும் தப்பு பண்ணல. கனகு கால்ல முள்ளு இருக்கு, தாங்கித் தாங்கி ஆடுறா. மொதல்ல அதை எடுங்க”ன்னா. பாத்தா கருவேல முள்ளு, இம்மாம் பெருசு! தர்மகர்த்தாவுக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா வீம்பு விடுமா? தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாவது தடவை, கனகுக்குப் பதிலா வேற பொண்ண நிறுத்தினாரு. ரெண்டு இலவம்பஞ்சு மெத்தையக் கொண்டாந்து பொத்துனு போட்டு, அவளை அதுமேல, செவுத்தப் பாத்து ஒக்கார வச்சாரு. கால் தரையில படவே படாது. பொண்ணுங்க ஆடுனாங்க. தையல்நாயகிக்கு ஒண்ணுமே இல்ல. கெணத்துக்குள்ள ஒக்காந்த மாதிரி இருந்துச்சு. எத்தனையோ நேரம் கழிச்சு, அவரு தோளத் தொட்டப்பதான் ஆட்டம் முடிஞ்சுச்சுன்னே தெரிஞ்சுச்சு. ஏழு வருஷமா மறைச்சத அன்னிக்கு வாய விட்டுச் சொன்னா. “எனக்கு ஒண்ணும் கேக்கலய்யா. இன்னொரு தடவை ஆடச் சொல்லுங்க. கேக்குறவங்க இருக்காங்க.”

அப்போ என்ன ஆச்சுங்கிற? ஓரமா ஒக்காந்திருந்த பிள்ளைங்க, யாரும் சொல்லல கொள்ளல, ஒண்ணொண்ணா குப்புறப் படுத்துச்சுங்க. கன்னத்தப் பலகையில வச்சு, கண்ணை மூடிகிச்சுங்க. தை தை தித்தை! ஆட்டம் முடிஞ்ச ஒடனே, அத்தனை பிள்ளையும் ஒரே குரல்ல, “செண்பகம் அக்கா, இடது காலு!”

செண்பகம் வாயப் பொத்திகிட்டா. அவளத்தான் தப்பு விடச் சொல்லியிருந்தாரு.

“இதையெல்லாம் யாரு ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?”ன்னு கேட்டாரு தர்மகர்த்தா. நாப்பது கையும் மெத்தை மேல ஒக்காந்திருக்கிறவளக் காட்டுச்சு. அவளுக்குக் கண்ணுல தண்ணி நிக்கல.

மனுசன் துண்ட அவுத்து ஓரமா வச்சாரு. ஜரிகை வேட்டியோட குப்புறப் படுத்தாரு. கன்னத்த வச்சாரு. “ஆடுங்கம்மா”ன்னாரு. பொண்ணுங்க ஆடுனாங்க. முடிஞ்சு ரொம்ப நேரமாகியும் அவரு எந்திரிக்கல. எந்திரிச்சப்ப கன்னத்துல பலகைத் தடம் பதிஞ்சிருந்துச்சு. மெத்தைய அவரே தூக்கிகிட்டுப் போனாரு.

தையல்நாயகிக்கு அப்புறம் அவ மக, அப்புறம் மருமக, இப்ப பேத்தி சொல்லிக்குடுக்குறா. இன்னிக்கும் அந்த ஊர்ல யாரு தர்மகர்த்தாவா வந்தாலும், மொத நாள் அந்தக் கூடத்துக்கு வந்து, குப்புறப் படுத்து, கன்னத்தப் பலகையில வைக்கணும். அப்புறந்தான் கோயில் சாவியக் கையில குடுப்பாங்க.

எங்க, நீயும் கன்னத்தத் தலகாணியில வையி. டொக் டொக்குங்குதா? அது உன் நெஞ்சுதாண்டி. கதை அடங்கிருச்சு, காலும் அடங்கட்டும், கண்ண மூடு தங்கம்.