அரண்மனை அடுக்களையில் ஒரு பொதுத்தேர்வு

பூம்பொழில் நாட்டு அவையில் எனக்கும் ஓர் ஆசனம் உண்டு. படித்து வாங்கியதில்லை. மாட்டுத் தரகனாக இருந்தவன், அரசர் இளவளவருக்குக் காளை பிடித்துக் கொடுக்கப் போய், அவரிடமே துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசி உள்ளே நுழைந்தேன். அறிவு பின்னால் நடந்து வரும், கோபம் முன்னால் ஓடிவிடும். அப்படியொரு பிறவி.

ஒருநாள் அமைச்சர் மதிவாணர் பூரிப்போடு எழுந்தார். “அரசே, எல்லாப் பள்ளிக்கும், எல்லா வகுப்புக்கும் ஒரே தேர்வு வைத்தோம். தோற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது நம் ஊர்ப் பள்ளியில் கடைசி வகுப்பு முழுத் தேர்ச்சி.”

“எத்தனை பேர்?” என்றேன்.

“மூன்று.”

அமைச்சருக்கு வெண்பா என்றால் உயிர். கேள்வியெல்லாம் வெண்பா. எங்கள் படகோட்டி மகள் செங்கமலம், மூன்றாம் வகுப்பு. படகில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். அவளும் தோற்றாள். இனிப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று அவளையும் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வாய் நிற்குமா?

“ஓய், நோஞ்சான் மாட்டையெல்லாம் விரட்டிவிட்டு, நிற்பதைக் காட்டித் தொழுவமே கொழுத்தது என்கிறீர். இந்தத் திருட்டை நானே செய்திருக்கிறேன் ஐயா.”

அரசர் முகம் சுருங்கியது. “சடையா, மூன்று நாளில் நிரூபி. இல்லையேல் ஆசனத்தைக் காலி செய்.”

“ஏழு நாள் கொடுங்கள்.”

“ஒரு நாள்.”

நம் பேரத்தின் லட்சணம் இது. “அடுக்களையையாவது அந்த ஒரு நாள் என் கையில் விடுங்கள்” என்றேன். விட்டார்.

மறுநாள் மதியம் அரசர் இலைமுன் அமர்ந்தார். அடுக்களையிலிருந்து கோமதியம்மாள் வந்து மாவடு வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

“சோறு எங்கே?”

“அரசே, சமையற்காரர் பதினான்கு பேருக்கும் ஒரே தேர்வு வைத்தேன். ஊறுகாய் போடும் கோமதியம்மாள்தான் கேள்வி போட்டார். பதின்மூன்று பேர் தோற்றார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இன்று அடுக்களை முழுத் தேர்ச்சி.”

“குழம்பு வைப்பவர் எங்கேயடா?”

“எலுமிச்சைக்கு எத்தனை நாள் வெயில் என்று அவருக்குத் தெரியவில்லை.”

அரசர் மாவடுவைக் கடித்தார். முகம் கோணிற்று. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சாப்பாடு அதே அடுக்களையில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அரசர் அமைச்சர் பக்கம் திரும்பினார். “எது வரவில்லை என்று அறியத்தான் தேர்வு. துரத்துவதற்கு அல்ல. தோற்று வெளியேறிய எல்லோரும் பள்ளிக்குத் திரும்பட்டும்.”

“எல்லோருமா அரசே?” என்றார் அமைச்சர், மெதுவாக.

“ஒருவர் விடாமல்.”

“சடையரும் மூன்றாம் வகுப்பில் தோற்று ஓடியவர்தான். விசாரித்து வைத்திருக்கிறேன்.”

அரசர் இன்னும் பலமாகச் சிரித்தார். வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்று கெஞ்சிப் பார்த்தேன். படியவில்லை.

வெள்ளிக்கிழமை, நரைத்த மீசையோடு செங்கமலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏழெட்டு எத்தனை?” என்றார் வாத்தியார்.

“அறுபது.”

“தப்பு.”

“சரி, உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஐம்பத்தெட்டு.”

செங்கமலம் என் காதருகே குனிந்தாள். “மாமா, இன்னும் ரெண்டு இறங்குங்க.”