முதல் பிடி மண்

ஆம்பலூர் ஏரிக்கரை விரிசல் விட்டது. அடைக்க வேண்டிய ராஜா அடைக்கவில்லை. தப்பு அதுதான்.

இது மலைகள் பேசிக்கொண்டிருந்த காலம். எந்த மலை என்று கேட்காதீர்கள். கதை அதற்காக நிற்காது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் கூடையோடு வந்து கரைக்கு மண் போடுவார்கள். முதல் மண் ராஜா போட வேண்டும். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது.

ராஜா நெடுங்கோ வந்தார். விரிசல் மேல் பூனையளவில் ஒரு பூதம்.

"என்ன அவசரம் மகாராஜா? நாள் நன்றாயில்லையே."

ராஜா திரும்பினார். பூதம் எருமையளவு ஆனது.

மறுபடி வந்தார்.

"என்ன அவசரம் மகாராஜா? ராஜா கையில் மூங்கில் கூடையா? வெள்ளியில் செய்யட்டுமே."

ராஜா திரும்பினார். பூதம் யானையளவு ஆனது.

வெள்ளிக் கூடையோடு வந்தார்.

"என்ன அவசரம் மகாராஜா? இது உங்கள் அப்பா கட்டிய கரை. உங்கள் மண் கோணலாக விழுந்தால் ஊர் சிரிக்காதா?"

அது சுருக்கென்று தைத்தது. ராஜா அரண்மனைக் கதவைச் சாத்திக்கொண்டார். பூதம் குன்றளவு ஆனது. அதன் கனத்தில் விரிசல் விரிந்தது. மேற்கே இடி உறுமியது.

கரைக்குக் கீழே எருமை மேய்க்கும் செம்பாயியின் குடிசை. கசிந்த தண்ணீர் தொட்டிலுக்கடியில் ஓடியது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"மண் போட வாங்க மகாராஜா."

"அத்தனை பெரிய கரை, அம்மா. நான் எப்படிக் கட்டி முடிப்பேன்?"

"கரையை யாரு கட்டச் சொன்னா? ஒரு பிடி போடுங்க."

"ஒரு பிடியில் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. போடுங்க."

"கோணலாக விழுந்தால்?"

"மண்ணுதானே, மாப்பிள்ளை ஊர்வலமா? விழுந்த இடத்துல கிடக்கட்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்குவதற்குள் கரைக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

"என்ன அவசரம்..." என்று பூதம் ஆரம்பித்தது.

ராஜா ஒரு பிடி போட்டார். கோணலாகத்தான் விழுந்தது. தள்ளி நின்று பார்த்த ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. பூதம் யானையளவுக்கு இளைத்தது. இன்னொரு பிடி. எருமை. இன்னொரு பிடி. பூனை. நாலாவது பிடியில் தவளையாகிப் பொட்டென்று ஏரிக்குள் விழுந்தது.

ஊரே கூடையோடு ஓடி வந்தது. மழையும் வந்தது. கரை அசையவில்லை.

ராஜா செம்பாயிக்கு மேட்டில் வீடும் நிலமும் கொடுத்தார். கரையைக் காத்த மகாராஜா வாழ்க என்று ஊர் கத்தியது. ராஜா கையிலிருந்த சேற்றை உதறினார்.

"நான் இல்லை. செம்பாயி."